ஒற்றை வேட்டிக்குள் ஒளித்துவைத்த அரசியல்

ஜனவரி 18 கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா (ஜீவானந்தம்) மறைந்த நாள். ஆகஸ்ட் 21 அவர் பிறந்த நாள். இந்த இரண்டு நாட்களிலும் அடையாறு, மயிலாப்பூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கதை தவறாமல் வந்து இறங்கும். உங்களுக்கும் தெரிந்த கதைதான். முதலமைச்சர் காமராஜர் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட விழாவுக்குப் போகிறார். வழியில் காரை நிறுத்தச் சொல்லி ஒரு குடிசைக்குள் நுழைகிறார். உள்ளே ஜீவா இருக்கிறார். விழாவுக்கு அழைத்தால், நீங்கள் முன்னே போங்கள், பின்னாலேயே வருகிறேன் என்கிறார். நேரம் கழித்துத்தான் வந்து சேர்கிறார். இருந்த ஒரே வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாராம். அது காய்ந்த பிறகு கட்டிக்கொண்டு வந்தாராம். கதையின் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். ‘இப்படியும் ஒரு தலைவர்!’ ‘இன்றைய அரசியல்வாதிகள் படிக்க வேண்டும்.’ அடுத்த செய்தி தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்பது.

கதை அப்படியே நடந்ததா என்று கிளறுவது என் வேலையல்ல. கைக்குக் கை மாறி வந்ததில் சில இடங்களில் வேட்டி இரண்டாகியிருக்கிறது, சில இடங்களில் பள்ளி விழா வேறு விழாவாகியிருக்கிறது. நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். குடிசையும் உண்மை, வறுமையும் உண்மை. என் சண்டை, இந்தக் கதையை வைத்துக்கொண்டு ஒரு மாநிலமே ஏற்றுக்கொண்டிருக்கும் தீர்ப்போடு. ஓய்வுபெற்ற அதிகாரி, பட்டிமன்றப் பேச்சாளர், தலையங்கம் எழுதுபவர், காங்கிரஸ்காரர், இரண்டு கழகத்தாரும், பாரதிய ஜனதா அனுதாபியும்கூட ஒருமனதாகச் சொல்லும் தீர்ப்பு அது: கம்யூனிஸ்ட் தலைவர்கள் எளிமையானவர்கள், அதுதான் அவர்கள் பெருமை, கட்சி தேறவில்லை, கொள்கை காலாவதியாகிவிட்டது, ஆனால் ஆட்கள் தங்கம்.

ஜீவா சொன்னது எதையும் காதில் வாங்கிக்கொள்ளாமல் இருப்பதற்கு இதைவிடப் பண்பான வழி இல்லை என்பேன். வாழ்நாள் முழுக்க எதிரிகளைச் சம்பாதித்த ஒருவரை, எதிரியே இல்லாத மகானாக ஆக்கிவிடுகிறது இந்தப் பாராட்டு.

1952இல் என்ன நடந்தது என்று பாருங்கள். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. பெரும்பான்மை இல்லை. கம்யூனிஸ்ட் கட்சி 62 இடங்களோடு இரண்டாவதாக வந்தது. அவர்களில் வண்ணாரப்பேட்டையில் வென்று உள்ளே வந்தவர் ஜீவா. கம்யூனிஸ்டுகளும் ஆந்திரத் தலைவர் பிரகாசம் போன்றோரும் சேர்ந்து ஆட்சி அமைத்துவிடுவார்களோ என்ற கலக்கத்தில், தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவை வழியாகக் கொண்டுவந்து முதலமைச்சர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்ததும் அவர் சட்டசபையிலேயே அறிவித்தது, கம்யூனிஸ்டுகள்தான் தமக்கு முதல் எதிரி என்று. பஸ்லுல்லா சாலை வீட்டுக்காரரான ராஜாஜி யாரையும் சும்மா எதிரி என்று சொல்லிவிடுபவர் இல்லை. ஒற்றை வேட்டிக்காரர்களைப் பார்த்து ராஜாஜி ஏன் பயந்தார்? ராஜாஜியும் கதர் கட்டியவர்தான். உடையிலும் உணவிலும் ஜீவாவுக்கும் அவருக்கும் தகராறே இல்லை. தகராறு நிலம் யாருக்கு, ஆலை யாருக்கு, அரசாங்கம் யாருக்கு என்பதில். ராஜாஜி ஜீவாவை வெறுத்தார் என்றால் அது மரியாதையான வெறுப்பு. சொன்னதைப் புரிந்துகொண்டு வெறுத்தார். இன்றைக்கு நாம் புரிந்துகொள்ளாமல் நேசிக்கிறோம்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் போனால் சேலம் சிறை வரும். 1950 பிப்ரவரி 11, கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு. 22 பேர் செத்தார்கள். அப்போது மாகாணத்தில் நடந்தது காங்கிரஸ் ஆட்சி. குடிசைக் கதையில் முதலமைச்சர் காரை நிறுத்தி இறங்கும்போது, இந்த இருபத்திரண்டு பிணங்களும் அந்த இருவருக்கும் நடுவே கிடக்கின்றன. காமராஜருக்கும் ஜீவாவுக்கும் இடையே நட்பு இருந்தது, சுதந்திரப் போராட்டக் காலத்துப் பழக்கம் அது; மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் ஆளுங்கட்சித் தலைவர், மற்றவர் அந்த ஆட்சியை எதிர்த்துப் பேசியே வாழ்ந்தவர். கதை இந்த உறவை இரண்டு நல்ல மனிதர்களின் சந்திப்பாகச் சுருக்கிவிடுகிறது. அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்ட வேண்டும் என்று எதிர்க்கட்சிக்காரரான ஜீவா ஏன் மல்லுக்கட்டினார், கட்டவைக்க அந்த வட்டாரம் என்ன பாடுபட்டது என்று கதை கேட்பதே இல்லை. வேட்டி காய்ந்ததோடு கதை முடிந்துவிடுகிறது.

எளிமை ஜீவாவின் வாழ்க்கையில் ஆரம்பம் முதல் கடைசிவரை மாறாமல் இருந்த ஒன்று. மாறாத ஒன்றை வைத்து ஒருவருடைய வாழ்க்கையை விளக்க முடியாது. 1907இல் நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியில் பிறந்த சொரிமுத்து, வைக்கத்திலும் சுசீந்திரத்திலும் தெருவுக்கும் கோயிலுக்கும் நடந்த போராட்டங்களில் சேர்ந்த பையன். சேரன்மாதேவி குருகுலத்தில் இருந்துவிட்டு, காரைக்குடிக்குப் பக்கத்தில் சிராவயலில் ஆசிரமம் நடத்தியவர். காந்தி 1927இல் அங்கே வந்து அவரைப் பார்த்துப் போனார். அன்றைக்கே அவரிடம் சொத்து கிடையாது. அந்த ஆளை அப்படியே நிறுத்திவைத்திருந்தால் நமக்கு இன்னொரு நல்ல காந்தியர் கிடைத்திருப்பார், அவ்வளவுதான். அவர் நிற்கவில்லை. ராட்டையிலிருந்து சுயமரியாதை இயக்கத்துக்குப் போனார். பகத்சிங் எழுதிய நாத்திக விளக்கத்தைத் தமிழில் கொண்டுவந்தார். அதற்காக ராஜத்துரோகம் என்று வழக்குப் போட்டு உள்ளே தள்ளினார்கள். அச்சிட்ட குற்றத்துக்காகப் பெரியாரின் அண்ணன் ஈ.வெ.கிருஷ்ணசாமியும் மாட்டிக்கொண்டார்.

இதற்கு அடுத்துத்தான் அவர் வாழ்க்கையின் பெரிய முடிச்சு. சோவியத் நாட்டைப் பார்த்துத் திரும்பிய பெரியார், 1932 கடைசியில் கம்யூனிஸ்ட் முன்னோடி சிங்காரவேலரோடு சேர்ந்து ஈரோட்டுத் திட்டத்தை வகுத்தார். சமதர்மம் என்ற சொல் ‘குடி அரசு’ பக்கங்களில் வாரா வாரம் வந்தது. அரசாங்கம் விரட்டத் தொடங்கியது. இயக்கமே தடை செய்யப்பட்டுவிடும் என்ற நிலையில் பெரியார் 1935இல் சமதர்மப் பிரசாரத்தை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தார். சாதி ஒழிப்பு வேலையாவது தப்பட்டும் என்பது அவர் கணக்கு. ஜீவா அந்தக் கணக்கை ஏற்கவில்லை. பிரிந்தார், காங்கிரஸ் சோஷலிஸ்டுகளோடு சேர்ந்தார், அங்கிருந்து கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தார். 1937இல் ‘ஜனசக்தி’ வந்தபோது அதை நடத்தியவர் அவர்.

யார் சரி? தமிழ்நாட்டின் இருபதாம் நூற்றாண்டு அரசியலில் இதைவிடச் சுவையான விவாதம் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம். பெரியார் பின்வாங்காமல் இருந்திருந்தால் சுயமரியாதை இயக்கம் மிஞ்சியிருக்குமா? ஜீவாவும் சிங்காரவேலரும் அந்த இயக்கத்துக்குள்ளேயே இருந்து போராடியிருந்தால், சாதியையும் கூலியையும் ஒரே மேடையில் பேசும் கட்சி ஒன்று இங்கே வளர்ந்திருக்குமா? காங்கிரசுக்குள் போனதால்தான் பிற்பாடு திராவிட இயக்கம் கம்யூனிஸ்டுகளைச் சந்தேகத்தோடு பார்த்ததா? ஒவ்வொரு கேள்விக்கும் நாலு பதில் உண்டு. ஒரு ஜனவரி 18 கூட்டத்திலாவது இதை யாராவது எடுத்துப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதெல்லாம் வேட்டிதான்.

மயிலாப்பூருக்கு வந்தால் வேட்டிக்குப் பதில் கம்பன். காரைக்குடிக் கம்பன் விழா மேடையில் ஜீவா பேசிய பேச்சைப் பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். கம்யூனிஸ்டாக இருந்தும் கம்பனை ரசித்தாரே, அவர் நம்மவர்தான் என்ற திருப்தி அந்தக் குரலில் இருக்கும். அந்த ‘இருந்தும்’தான் எனக்கு உறுத்துகிறது. திராவிட இயக்கம் கம்பராமாயணத்தைக் கொளுத்தச் சொன்ன காலம் அது. பழைய இலக்கியம் பண்டிதருக்கும் பக்தருக்கும் மட்டும் பாத்தியப்பட்டதல்ல, உழைக்கிறவன் தன் சொத்தாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியது என்று ஜீவா ஒரு நிலையெடுத்தார். அது ரசனை அளவில் நின்றுவிட்ட விஷயமில்லை. ‘தாமரை’ பத்திரிகையும், 1961இல் தொடங்கிய கலை இலக்கியப் பெருமன்றமும் அந்த நிலையிலிருந்து பிறந்தவை. இந்தச் சென்னையில் கட்சி அலுவலகத்திலேயே தங்கி வளர்ந்த ஜெயகாந்தன் பிற்பாடு கட்சியை விட்டுப் போனாலும், அந்தக் கூட்டத்தில் கேட்ட பேச்சு அவர் எழுத்தை விட்டுப் போகவில்லை. சுந்தர ராமசாமியும் கட்சி வட்டத்திலிருந்து விலகிப் போனவர்தான். ஜீவா மறைந்தபோது அவர் எழுதிய அஞ்சலியின் தலைப்பு ‘காற்றில் கலந்த பேரோசை’. குரலை முன்னே வைத்த தலைப்பு அது. நேரில் கேட்டவருக்கு முதலில் நினைவுக்கு வந்தது குரல். கேட்காத நமக்குத்தான் துணி.

சரி, எளிமை எங்கிருந்து வந்தது? அதையும் தனிமனித குணம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். கம்யூனிஸ்ட் கட்சியில் முழுநேர ஊழியர் என்று ஒரு ஏற்பாடு உண்டு. வேலையை, வக்கீல் தொழிலை, படிப்பை விட்டுவிட்டு வருகிறவருக்குக் கட்சி ஒரு சிறு தொகை கொடுக்கும். சில மாதம் அதுவும் வராது. சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போனால் சம்பளம் கட்சிக்கு. கட்சி திருப்பித் தருவதுதான் கைக்கு. உறுப்பினர் ஒவ்வொருவரும் வருமானத்துக்கேற்ப லெவி கட்ட வேண்டும். தலைவர் ஏழையாக இருப்பதை உறுதிசெய்யும் விதி இது. விதி இருப்பதால்தான் ஒரு ஜீவாவுக்குப் பிறகு இன்னொருவர், அவருக்குப் பிறகு இன்னொருவர் என்று வந்துகொண்டே இருந்தார்கள். அதைக் குணம் என்று சொல்லிவிட்டால் நமக்கு வசதி. குணம் கடவுள் கொடுத்தது, எல்லோருக்கும் வாய்க்காது என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடலாம். விதி என்றால், மற்ற கட்சிகளில் ஏன் இல்லை, சட்டமன்ற உறுப்பினர் சம்பளத்தையும் சொத்தையும் கட்சி ஏன் கணக்குக் கேட்பதில்லை என்று கேட்க வேண்டியிருக்கும். வாட்ஸ்அப் கதை அந்தக் கேள்வி வராமல் பார்த்துக்கொள்கிறது.

எளிமையை அளவுகோலாக வைத்தால் யாரெல்லாம் விடுபட்டுப் போகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். தி.நகரில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மாநிலத் தலைமையகத்துக்குப் பாலன் இல்லம் என்று பெயர். கே.பாலதண்டாயுதத்தின் பெயர் அது. 1973 மே 31 அன்று டெல்லிக்கு அருகே நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார். அதே விமானத்தில் மத்திய உருக்கு, சுரங்கத் துறை அமைச்சர் மோகன் குமாரமங்கலமும் இறந்தார். சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்த டாக்டர் சுப்பராயனின் மகன்; ஜமீன் வீட்டுப் பிள்ளை; ஈட்டன், கேம்பிரிட்ஜ் படிப்பு. 1940களின் தொடக்கத்தில் சென்னைச் சதி வழக்கில் பி.ராமமூர்த்தியோடு சேர்த்துக் குற்றக்கூண்டில் நிறுத்தப்பட்ட கம்யூனிஸ்ட். பிற்பாடு காங்கிரசுக்குப் போய் அமைச்சராகி, நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியவர். அவரைப் பற்றி நம் மேடைகளில் ஒரு பேச்சும் கிடையாது. கோட்டு சூட்டு போட்டவரைக் குடிசைக் கதைக்குள் நுழைக்க முடியவில்லை. சிங்காரவேலருக்கும் இதே கதிதான். வசதியான வக்கீல், கடற்கரைச் சாலையில் வீடு, வீடு நிறையப் புத்தகம். 1923 மே முதல் நாள் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தொழிலாளர் தினத்தைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். 1925 கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1928 ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகச் சிறை சென்றார். சென்னை ஆட்சியர் அலுவலகக் கட்டடத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அவர் வருவதே இல்லை. ஏழையாக இல்லாத கம்யூனிஸ்டை நமக்கு எப்படிப் பாராட்டுவது என்று தெரியவில்லை.

என்னோடு உடன்படாத நண்பர்கள் உடனே சொல்வது ஒன்றுண்டு. ‘சார், வார்டு கவுன்சிலரே மூன்று கார் வைத்திருக்கும் ஊரில் எளிமை சின்ன விஷயமா? இளைஞர்களுக்கு இதையாவது சொல்ல வேண்டாமா?’ நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். லஞ்சம் வாங்காதது பெரிய விஷயம்தான். ஆனால் நாம் எப்போது இதைச் சொல்கிறோம் என்று கவனியுங்கள். ஓட்டுப் போடும் நாளில் சொல்வதில்லை. 1999 நாடாளுமன்றத் தேர்தலில் கோயம்புத்தூரில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆர்.நல்லகண்ணு நின்றார். நேர்மையில் அவருக்கு நிகராக ஒருவரை எதிரணியிலும் யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். பாரதிய ஜனதா வேட்பாளரிடம் தோற்றார். கூட்டணிக் கணக்கு, அலை, அந்த நகரம் அப்போதிருந்த மனநிலை எல்லாம் காரணம் என்பீர்கள். ஆம், அவையெல்லாம் அரசியல் காரணங்கள்தான். தோற்கடிப்பதற்கு அரசியல், பாராட்டுவதற்கு மட்டும் குணமா?

மறுபக்கமும் இருக்கிறது. எளிமையைத் தராசில் ஏற்றிவிட்டால் அதே தராசில் வைத்து அடிப்பார்கள். 2019 தேர்தல் செலவுக் கணக்கில் தி.மு.க., இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி ரூபாயும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி ரூபாயும் கொடுத்ததாகத் தேர்தல் ஆணையத்திடம் காட்டியது. செய்தி வெளிவந்ததும் அதுவரை கைகூப்பியவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். ‘உண்டியல் குலுக்கிகள் விலைபோய்விட்டார்கள்.’ கேட்க வேண்டிய கேள்வி வேறு. கூட்டணித் தலைமையின் காசில் தேர்தலைச் சந்திக்கும் கட்சி, அந்தக் கூட்டணி ஆட்சிக்கு வந்தபின் ஆலைத் தொழிலாளிக்காக அதே தலைமையோடு எவ்வளவு தூரம் மோத முடியும்? இது கட்சியின் சுதந்திரம் பற்றிய கேள்வி, கூர்மையாகக் கேட்கப்பட வேண்டியது. எளிமைப் பேச்சில் ஊறிய நமக்கு அது ‘இவர்களும் காசு வாங்கினார்களா’ என்ற கிசுகிசுவாக மட்டும்தான் தெரிந்தது.

இந்தக் கெடுதலில் கட்சிக்காரர்களுக்கும் பங்குண்டு. அவர்களுக்குக் கோபம் வரும், வரட்டும். சுவரொட்டியில் ‘எளிமையின் சிகரம்’ என்று அச்சடிப்பவர்கள் அவர்கள்தாம். வாக்கு குறையக் குறைய எளிமையின் புகழ் கூடிக்கொண்டே போயிருக்கிறது. தோல்விக்கு ஆறுதலாக ஒரு பழங்கதையைப் போர்த்திக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாடுகளில் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்ட் கட்சிகள் இதையே வேறு விதமாகச் செய்கின்றன. ஹனோயில் ஹோ சி மின் வாழ்ந்த மரக்கால் வீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். லாவோஸ் தலைநகர் வியஞ்சானில், அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சியை நெடுங்காலம் நடத்திய கெய்சோன் போம்விகான் குடியிருந்த வீடு, அவர் விட்டுப்போன சாமான்களோடு காட்சிக்கு இருக்கிறது. பழைய அமெரிக்க உதவி நிறுவன வளாகத்தில் ஒரு சாதாரண வீடு. பார்ப்பவர் மனம் நெகிழ்வார். அந்த நெகிழ்ச்சியில், 1975 முதல் அங்கே ஒரே கட்சிதான் ஆள்கிறது, எதிர்த்துப் பேச இன்னொரு கட்சிக்கு இடமில்லை என்பது மறந்துபோகும். அதே லாவோசில் முதல் குடியரசுத் தலைவராக இருந்த சுபானுவோங் அரச குடும்பத்தவர், பிரான்சில் பொறியியல் படித்தவர். அவரை எளிமைக் கணக்கில் எங்கே வைப்பது? அங்கே எளிமை ஆளும் கட்சிக்குக் கேடயம். இங்கே தோற்ற கட்சிக்குத் தலையணை. இரண்டு இடத்திலும் கேள்வி கேட்க ஆளில்லை.

இனி தி.நகருக்கே வருகிறேன். 2019 மே மாதம் சி.ஐ.டி. நகர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பிலிருந்து நல்லகண்ணு வெளியேற வேண்டியிருந்தது. பழைய கட்டடங்களை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்காக எல்லோரையும் காலிசெய்யச் சொன்னார்கள். அவரும் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அன்றைக்குத் தமிழ்நாடே கண்ணீர் விட்டது. தொண்ணூறு வயதைத் தாண்டிய தலைவருக்கு வீடில்லையா என்று தொலைக்காட்சிகள் துடித்தன. மாற்று வீடு தருவதாக அரசாங்கமும் ஓடிவந்தது. எல்லாம் நல்லதுதான். அதே குடியிருப்பில் முன்னாள் அமைச்சர் கக்கனின் குடும்பத்தாரும் இருந்தார்கள். அவர்களுக்கும் வீடு கொடுங்கள் என்று சொன்னவர் நல்லகண்ணு. நமக்கு அதுவும் இன்னொரு உருக்கமான காட்சியாகிவிட்டது. நகரத்தின் நடுவில் வாரியம் வைத்திருக்கும் நிலத்தில் இனி யார் குடியிருப்பார்கள், வாடகைக்கு இருந்த சாதாரணக் குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும்தான் போக வேண்டுமா, கூவம் கரையிலிருந்தும் அடையாறு கரையிலிருந்தும் ஏற்கெனவே அனுப்பப்பட்டவர்கள் கதி என்ன என்று அந்த வாரம் பேசியிருக்கலாம். ஒரு தலைவரின் வீட்டுச் சாமான்களைப் படம் பிடித்ததோடு சரி.

நல்லகண்ணு என்றால் கட்சி திரட்டிக் கொடுத்த ஒரு கோடி ரூபாயைக் கட்சிக்கே திருப்பிக் கொடுத்தவர். 2022இல் தகைசால் தமிழர் விருதுத் தொகை 10 லட்சத்தோடு தம் கையிலிருந்த 5,000 ரூபாயையும் சேர்த்து முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தவர். எல்லோருக்கும் தெரியும். 2010இல் தாமிரபரணி மணல் கொள்ளைக்கு எதிராக மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குப் போய், வக்கீல் வைக்காமல் தாமே நின்று வாதாடித் தடை வாங்கினாரே, அது எத்தனை பேருக்குத் தெரியும்? திருப்பிக் கொடுத்த பணத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நின்றுபோன மணல் லாரிகளால் சிலருக்குப் பெரிய நஷ்டம். எந்தக் கதை பரவும், எது பரவாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேட வேண்டியதில்லை.

மார்க்சிஸ்ட் தலைவர் என்.சங்கரய்யாவுக்கும் இதுவே நடந்தது. அவரைப் போற்றாத கட்சி இல்லை. 2023இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க முடிவெடுத்தபோது ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. பட்டம் வராமலேயே அந்த நவம்பரில் அவர் காலமானார். ஆளுநருக்காவது அவர் அரசியல் என்ன என்று தெரிந்திருந்தது. எதிர்க்கத் தகுந்தது என்று நினைத்தார்.

மகானாக்குவதில் இன்னொரு கேடும் உண்டு. தப்பைச் சொல்ல வாய் வராது. 1941இல் சோவியத் யூனியன் மீது ஹிட்லர் பாய்ந்ததும் உலகப் போர் மக்கள் போராகிவிட்டது என்று கட்சி முடிவெடுத்தது. 1942 ஜூலையில் வெள்ளைக்கார அரசாங்கம் கட்சி மீதிருந்த தடையை நீக்கியது. ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு என்று நாடு கொதித்தபோது, அதுவரை சிறையும் தலைமறைவுமாகத் திரிந்த கம்யூனிஸ்டுகள் எதிர்ப்பக்கம் நின்றார்கள். தமிழ்நாட்டில் அந்தக் கட்சியின் முன்னணி முகம் ஜீவா. பாசிசம் தோற்றால்தான் எந்த நாட்டுக்கும் விடுதலை என்ற வாதத்தில் வலு இருந்தது. சொந்த ஊர் மக்களின் கோபத்தை அளக்கத் தெரியாத குருட்டுத்தனமும் இருந்தது. இது கட்சிக்கு ஒரு தலைமுறைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. என் பார்வையில் அந்தக் கெட்ட பெயரில் பாதி நியாயமானதே. அடுத்து 1948இல் கல்கத்தா மாநாட்டில் ரணதிவே பாதை. சுதந்திரம் பொய், ஆயுதம் எடு என்ற அவசரத்தில் எத்தனை குடும்பங்கள் சிதைந்தன! ஜீவா தலைமறைவானார், சேலம் சிறையில் பிணம் விழுந்தது, மூன்றாண்டில் கட்சியே பாதையை மாற்றிக்கொண்டது. இதையெல்லாம் ஜீவாவின் நினைவு நாளில் சொன்னால் அபசாரம் என்பார்கள். வேட்டிக்கதை சொல்வதைக்காட்டிலும் இது அவருக்குப் பெரிய மரியாதை என்பேன். அந்த முடிவுகளை எடுத்தவர்கள், எடுத்துத் தோற்றவர்கள், தோற்றுத் திருந்தியவர்கள் நிஜமான மனிதர்கள்.

சரியாகச் செய்ததையும் இதே கண்டிப்போடு கணக்கெடுக்கலாம். ஜீவாவின் சட்டமன்ற உரைகளைக் கே.ஜீவபாரதி தொகுத்துத் தந்திருக்கிறார். தமிழில் ஆட்சி, தமிழில் கல்வி என்று அவர் அவையில் வாதாடிய காலத்தில் கோட்டையில் கோப்புகள் ஆங்கிலத்தில்தான் நகர்ந்தன. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி 1956இல் உண்ணாவிரதமிருந்து உயிர்விட்ட சங்கரலிங்கனார், தம் உடலைக் கம்யூனிஸ்டுகளிடம் ஒப்படைக்கச் சொன்னார். 1961இல் அந்தப் பெயர் மாற்றத்துக்கு மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் வங்காளத்துக் கம்யூனிஸ்ட் பூபேஷ் குப்தா. பெயர் மாற்றத்தின் பெருமை இன்றைக்கு யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. மொழி அரசியலில் தங்களுக்குள்ள பங்கையே விட்டுக்கொடுத்துவிட்டு வேட்டியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் வாரிசுகளை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

தி.நகரில் ஜீவா பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளின் மாநில அலுவலகங்களும் இங்கேதான்: பாலன் இல்லம், வைத்தியராமன் தெருவில் பி.ராமமூர்த்தி நினைவகம். இரண்டிலிருந்தும் ரங்கநாதன் தெருவுக்கு நடந்தே போகலாம். அந்தத் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் துணிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை மாடிகளில் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் காலையிலிருந்து இரவு கடை அடைக்கும்வரை நின்றுகொண்டே வேலை பார்த்தார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது; உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் வந்துவிடுவார். இரவில் கால் வீங்கிப் படுப்பார்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் அமைப்பாகத் திரண்டு போராடியதில் 2018இல் கேரளத்தில் உட்காரும் உரிமை சட்டமானது. 2021இல் தமிழ்நாட்டிலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்றார்கள். சட்டம் வந்த பிறகும் எத்தனை கடைகளில் நாற்காலி வந்தது, வந்த நாற்காலியில் உட்கார எத்தனை பேருக்குத் தைரியம் இருக்கிறது என்று ஒரு மாலை நேரத்தில் மூன்றாவது மாடிவரை ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த ஊழியர்களுக்கு வலுவான சங்கம் ஒன்று ஏன் இன்னும் அமையவில்லை என்று ஜனவரி 18 கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்கட்டும். மேடையில் இருப்பவர் பதில் சொல்லட்டும்.